துத்தநாகமும் காட்மியமும்: ஒரே வாசலின் கதை

பெரம்பலூரிலிருந்து அரியலூர் செல்லும் சாலையில் நீங்கள் எப்போதாவது பயணம் செய்ததுண்டா? சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக எதிரே வரும். இருமருங்கிலும் பருத்தியும் மக்காச்சோளமும் தெரியும். அறுவடை முடிந்த காலமாயின் வயலோரங்களில் சின்ன வெங்காயப் பட்டறைகளைக் காணலாம். அரியலூரைக் கடந்து செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் போனால் முந்திரிக் காடுகள் தொடங்கிவிடும்.

பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி கடலின் அடியில் கிடந்தது. அக்கடலில் வாழ்ந்த சிப்பிகளும் நத்தைகளும் இன்று கல்லாகக் கிடைக்கின்றன. சாத்தனூரில் மரமே கல்லாகிப் படுத்திருக்கிறது. அக்கடலின் அடியில் படிந்த சுண்ணாம்புதான் இன்று சிமெண்டு ஆலைகளுக்குத் தீனி. காரை, ஊட்டத்தூர்ப் பக்கத்தில் பாஸ்பேட் உருண்டைகளும் மண்ணில் கிடக்கின்றன. மண்ணில் உள்ளது பயிருக்கு வரும். பயிரில் உள்ளது நமக்கு வரும். உடலுக்கு வேண்டிய துத்தநாகமும் இவ்வழியே வருகிறது. உடலுக்கு ஆகாத காட்மியமும் இவ்வழியே வருகிறது. இவ்விரண்டுக்கும் இடையே நம் உடலுக்குள் நடக்கும் போட்டியின் வரலாற்றைத்தான் இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

அதற்கு முன் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். திருமணமாகி ஐந்து ஆண்டுகள் கடந்துவிட்டன, குழந்தை இல்லை. ஊரார் யாரைப் பார்க்கிறார்கள்? மனைவியைத்தான். அரச மரத்தைச் சுற்றுபவள் அவள். விரதம் இருப்பவளும் அவளே. வளைகாப்புக்கு அழைக்கப்படாமல் வீட்டில் தங்குபவளும் அவளே. ஆனால் மருத்துவம் கூறுவது வேறு. குழந்தையின்மைக்காகச் சோதிக்கப்படும் தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம், முழுக் காரணமாகவோ பாதிக் காரணமாகவோ, கணவனிடமும் குறை காணப்படுகிறது. விந்தணுக்களின் எண்ணிக்கை குறைந்திருக்கலாம், அவை நீந்தும் திறன் குறைந்திருக்கலாம், வடிவம் பிசகியிருக்கலாம்.

இக்குறைகளுக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று கன உலோகங்கள். ஈயம், காட்மியம், பாதரசம் ஆகியவை இவ்வகையின. 'இந்த நஞ்சுகளை உணவால் தடுக்க முடியுமா? நம் வெங்காயமும் முந்திரியும் கம்பங்கூழும் காக்குமா?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். இதற்கு விடை காண அறிவியல் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நடந்து வந்திருக்கிறது. நாமும் அவ்வழியே சென்று பார்ப்போம்.

பிராக் நகரத்து எலிகள்

காட்மியத்தை 1817ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஸ்ட்ரோமையர் என்ற வேதியியல் அறிஞர் கண்டுபிடித்தார். மருந்துக் கடையில் விற்கப்பட்ட துத்தநாகக் கார்பனேட்டைச் சூடாக்கியபோது, வெண்மையாக இருக்கவேண்டிய பொருள் மஞ்சள் நிறம் கொண்டது. உள்ளே புதியதோர் உலோகம் ஒளிந்திருந்ததே அதற்குக் காரணம். ஆக, காட்மியம் முதன்முதல் பிடிபட்டதே துத்தநாகத்தின் வீட்டில்தான்.

இது தற்செயலன்று. தனிம அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள். துத்தநாகத்தின் எண் 30. அதற்கு நேர் கீழே 48ஆம் எண்ணில் காட்மியம். அதற்கும் கீழே 80ஆம் எண்ணில் பாதரசம். ஒரே நெடுவரிசையில் நிற்கும் தனிமங்கள் குணத்தில் ஒன்றையொன்று ஒத்திருக்கும். துத்தநாகம் நம் உடலுக்கு இன்றியமையாதது. நூற்றுக்கணக்கான நொதிகள் அதை நம்பியே வேலை செய்கின்றன. காட்மியத்துக்கு மனித உடலில் செய்வதற்கென்று ஒரு வேலையும் இல்லை. ஆனால் அண்ணனின் சட்டையை அணிந்துகொண்டு அலுவலகத்தில் நுழையும் தம்பியைப் போல, துத்தநாகத்துக்குரிய இடங்களில் அது நுழைந்துவிடுகிறது.

காட்மியம் ஏற்றப்பட்ட விலங்குகளின் விந்தகங்கள் நீலம் பாரித்துப் போவதை 1919ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஆல்ஸ்பர்க், ஷ்வார்ட்ஸ் என்ற இருவர் பதிவு செய்திருந்தனர். எனினும் அச்செய்தி பல ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1956ஆம் ஆண்டில் செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராகில் பார்ஷீசெக் என்பவர் தம் துணைவருடன் ஒரு முடிவை வெளியிட்டார். எலிக்குக் காட்மிய உப்பை ஒரேயொரு முறை, மிகச் சிறிய அளவில், தோலுக்கடியில் ஊசி மூலம் செலுத்தினாலே போதும். சில நாள்களில் விந்தகம் சிதைந்து சுருங்கிவிடுகிறது. மற்ற உறுப்புகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. இதுதான் அவர் கண்டது.

அடுத்த ஆண்டு, அதாவது 1957இல், அவரே இன்னொரு செய்தியை வெளியிட்டார். காட்மியத்தைவிடப் பன்மடங்கு மிகுதியாகத் துத்தநாக உப்பையும் எலிகளுக்குக் கொடுத்தால் விந்தகம் சிதைவதில்லை! ஒரு சத்து, ஒரு நஞ்சின் கையைப் பிடித்து நிறுத்துகிறது என்பதற்கு இது தெளிவான சான்றாயிற்று. இத்துறையின் வரலாறு இங்கேதான் தொடங்குகிறது எனலாம்.

லக்னோவின் பங்கு

இரண்டாவது அடியை எடுத்து வைத்தவர்கள் நம் நாட்டவர் என்பதை அறிந்தால் நீங்கள் மகிழ்வீர்கள். லக்னோவில் கோமதி ஆற்றங்கரையில் சத்தர் மன்சில் என்ற நவாபு காலத்து மாளிகை இருக்கிறது. மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் 1951ஆம் ஆண்டில் அம்மாளிகையில்தான் திறக்கப்பட்டது. அங்கே ஏ. பி. கார், ஆர். பி. தாஸ், பி. முக்கர்ஜி ஆகிய மூவரும் பிராக் சோதனையைத் தொடர்ந்தனர். துத்தநாகம் மட்டுமன்றி, செலினியமும் எலியின் விந்தகத்தைக் காட்மியத்திடமிருந்து காக்கிறது என்று அவர்கள் 1960ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இதில் ஒரு வியப்பு என்ன தெரியுமா? செலினியம் அதுவரை கால்நடைகளைக் கொல்லும் நஞ்சு என்றே பெயர் பெற்றிருந்தது. அது மிகச் சிறிய அளவில் உடலுக்குத் தேவையானது என்ற உண்மை 1957ஆம் ஆண்டில்தான் முதன்முதலாகத் தெரியவந்தது. மூன்றே ஆண்டுகளில் நம்மவர்கள் அதன் காக்கும் குணத்தைக் கண்டுவிட்டனர்.

இன்னொரு வியப்பும் காத்திருந்தது. செலினியம் எவ்வாறு காக்கிறது? காட்மியத்தை விந்தகத்துக்குள் வரவிடாமல் தடுக்கிறது என்றுதான் நாம் எண்ணுவோம். அமெரிக்காவில் கன், கூல்ட், ஆண்டர்சன் ஆகியோர் 1968இல் அளந்து பார்த்தபோது நேர்மாறான முடிவு கிடைத்தது. செலினியம் கொடுத்த விலங்கின் விந்தகத்தில் காட்மியம் குறையவில்லை, கூடியிருந்தது! ஆயினும் விந்தகம் கெடவில்லை. காட்மியத்தை வேறு பெரிய புரதங்களோடு பிணைத்து, தீங்கு செய்ய முடியாதபடி செலினியம் கட்டிப்போடுகிறது என்று பின்னர் வந்த ஆய்வுகள் விளக்கின. திருடனை ஊருக்குள் விடாதது ஒரு வழி. ஊருக்குள் வந்தவனைத் தூணில் கட்டிவைப்பது மற்றொரு வழி. துத்தநாகமும் செலினியமும் இவ்வாறு வெவ்வேறு வழிகளில் காவல் புரிகின்றன.

இதே அமெரிக்கக் குழுவினர், கந்தகம் கொண்ட சிஸ்டீன் என்ற அமினோ அமிலமும் விந்தகத்தைக் காப்பதைக் கண்டனர். கன உலோகங்கள் கந்தகத்தோடு எளிதில் ஒட்டிக்கொள்ளும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெங்காயத்தைப் பற்றிப் பேசும்போது இது உதவும்.

ஷிராஸ் நகரில் வளராத இளைஞர்

எலிகளை விட்டு மனிதனிடம் வருவோம். பீகார் மாநிலத்துப் பக்சாரில் பிறந்த ஆனந்த பிரசாத் என்ற மருத்துவர் 1958ஆம் ஆண்டில் ஈரானின் ஷிராஸ் நகரில் பணியாற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் 21 வயது இளைஞர் ஒருவர் அழைத்துவரப்பட்டார். பார்த்தால் பத்து வயதுச் சிறுவனின் தோற்றம். மீசை அரும்பவில்லை, விந்தகங்கள் வளரவில்லை, இரத்தச் சோகை வேறு. அவருடைய உணவு பெரும்பாலும் புளிக்காத கோதுமை ரொட்டி. மண்ணைத் தின்னும் பழக்கமும் இருந்தது. இவரைப் போன்ற வேறு பல இளைஞர்களும் அப்பகுதியில் இருந்தனர்.

இரும்புச் சத்துக் குறைவு மட்டும் இதற்குக் காரணமாக இராது, துத்தநாகக் குறைவும் இருக்கவேண்டும் என்று பிரசாத் ஐயுற்றார். பின்னர் எகிப்தில் நடத்திய ஆய்வுகளில் அது உறுதியாயிற்று. துத்தநாகம் கொடுக்கப்பட்ட இளைஞர்கள் உயர்ந்தனர், பருவமடைந்தனர். மனிதனுக்குத் துத்தநாகக் குறைவே வராது என்று மருத்துவ உலகம் எண்ணியிருந்த காலம் அது. அவ்வெண்ணத்தை மாற்றியவர் பிரசாத்.

ரொட்டியில் துத்தநாகம் இல்லாமலில்லை. ஆனால் தானியங்களின் தவிட்டுப் பகுதியில் உள்ள பைட்டிக் அமிலம் துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு, குடல் உறிஞ்சாதபடி செய்துவிடுகிறது. மாவைப் புளிக்கவைத்தால் இந்த அமிலத்தின் ஒரு பகுதி சிதைகிறது, முளைகட்டினாலும் அவ்வாறே. நம் பாட்டிமார் கம்பு மாவைக் கரைத்து இரவு முழுதும் புளிக்கவைத்துக் காய்ச்சிய கூழும், புளித்த இட்லி மாவும், முளைகட்டிய பயறும் இவ்வகையில் அறிவியலுக்கு ஒத்தவை. கூழை வெறும் ஏழைச் சோறு என்று ஒதுக்கிவிடலாகாது.

வாசல் கண்டுபிடிக்கப்படுகிறது

காட்மியம் எத்தனையோ உறுப்புகள் இருக்க, விந்தகத்தை மட்டும் ஏன் இவ்வளவு கொடுமையாகத் தாக்குகிறது? இக்கேள்விக்கு விடை சொல்ல ஐம்பது ஆண்டுகள் ஆயின.

முதல் தடயம் சுண்டெலிகளிடம் கிடைத்தது. சில சுண்டெலி இனங்களுக்குக் காட்மியம் ஏற்றினால் விந்தகம் கெடுகிறது. வேறு சில இனங்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. இவ்வேற்றுமைக்கு ஒரே ஒரு மரபணுதான் காரணம் என்று 1973ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். ஆனால் அந்த மரபணு செய்யும் வேலை என்னவென்று அப்போது புலப்படவில்லை.

2005ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினர் அதைக் கண்டுபிடித்தனர். அந்த மரபணு ஒரு வாசற்கதவைச் செய்கிறது. உயிரணுவின் சுவரில் அமர்ந்து, துத்தநாகத்தையும் மாங்கனீசையும் உள்ளே அனுமதிக்கும் புரதம் அது. அதற்கு 'ஜிப்-8' என்று பெயர். எளிதில் கெடும் இனங்களின் விந்தகத்து இரத்தக் குழாய்களில் இக்கதவு நிறைய இருந்தது. தாங்கும் இனங்களில் அவ்வாறில்லை. காட்மியம் இக்கதவு வழியாகவே உள்ளே புகுந்து இரத்தக் குழாய்களைச் சிதைக்கிறது. இரத்த ஓட்டம் நின்றதும் விந்தகம் மடிகிறது.

பார்ஷீசெக் 1957இல் கண்டதன் பொருள் இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். வாசல் ஒன்று, நுழைய வருவோர் இருவர். துத்தநாகம் நிறைய இருந்தால் வாசலில் அதன் கூட்டமே நிற்கும். காட்மியத்துக்கு இடம் கிடைக்காது. துத்தநாகம் குறைந்தால் காட்மியத்துக்குக் கதவு தாராளமாகத் திறந்திருக்கும்.

உடல் இன்னொரு காவலையும் வைத்திருக்கிறது. குதிரையின் சிறுநீரகத்தில் காட்மியத்தைப் பிடித்துவைத்திருந்த ஒரு புரதத்தை மார்கோஷஸ், வாலி ஆகியோர் 1957ஆம் ஆண்டிலேயே கண்டனர். மெட்டலோதயோனின் என்று பின்னர் அதற்குப் பெயர் வந்தது. இதன் அமினோ அமிலங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, மேலே நாம் கண்ட கந்தகச் சிஸ்டீன்தான். துத்தநாகம் கிடைத்தால் உடல் இப்புரதத்தை அதிகமாகச் செய்கிறது. வாசலில் நெருக்கடி உண்டாக்கும் துத்தநாகமே, உள்ளே காவலரையும் வரவழைக்கிறது.

ஆலைத் தொழிலாளியும் புகைபிடிப்பவரும்

எலிக்கு ஊசி போடுகிறார்கள். நமக்கு யார் காட்மியத்தை ஊசியில் ஏற்றப்போகிறார்கள் என்று கேட்பீர்கள். ஊசி வேண்டியதில்லை. ஒரு சிகரெட்டில் ஒன்று அல்லது இரண்டு மைக்ரோகிராம் காட்மியம் இருக்கிறது. புகையிலைச் செடி மண்ணிலுள்ள காட்மியத்தை இலையில் சேர்த்துவைக்கும் இயல்புடையது. சிகரெட்டாயினும் பீடியாயினும் இலை அதே புகையிலைதான். நெடுநாள் புகைபிடிப்பவரின் உடலில், பிடிக்காதவரைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு காட்மியம் சேர்ந்திருக்கும். உள்ளே போன காட்மியம் எளிதில் வெளியேறாது. சிறுநீரகத்தில் சேர்ந்ததில் பாதி குறையவே பத்து முதல் முப்பது ஆண்டுகள் ஆகும்.

ஈயத்தின் கதை ஆலைகளில் தொடங்குகிறது. ருமேனியா நாட்டில் மின்கலத் தொழிற்சாலைத் தொழிலாளர் 150 பேரை ஆராய்ந்து, 1975ஆம் ஆண்டில் லங்க்ரான்ஜன் என்பவரின் குழு ஒரு முடிவை வெளியிட்டது. ஈயம் உடலில் ஏறியவர்களின் விந்தணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும், நீந்தும் வலுவிழந்தும், உருக்குலைந்தும் காணப்பட்டன. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் இடங்களிலும், பழைய வண்ணப்பூச்சைச் சுரண்டும் வேலையிலும், ஈயப் பற்றாசு வைக்கும் பட்டறைகளிலும் இந்த ஆபத்து இன்றும் உண்டு.

ஈயத்துக்கும் ஒரு கள்ள வாசல் இருக்கிறது. அது சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் புகும் வாசல். உணவில் சுண்ணாம்புச் சத்து குறைந்த எலிகளின் உடலில் ஈயம் மிகுதியாக ஏறுவதை 1970இல் சிக்ஸ், கோயர் ஆகிய இருவர் காட்டினர். 1978இல் கனடாவில் மனிதரிடமே நடந்த ஓர் ஆய்வில், இரும்புச் சேமிப்புக் குறைந்தவர்களின் குடல் ஏனையோரைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு காட்மியத்தை உறிஞ்சியது. 1985இல் பிரிட்டனில் இன்னொரு சோதனை நடந்தது. வெறும் வயிற்றில் உட்கொண்ட ஈயத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடு உடலில் சேர்ந்தது; உணவோடு உட்கொண்டபோது 4 விழுக்காடுதான் சேர்ந்தது. வேலைக்குச் செல்லுமுன் வயிறாரச் சாப்பிடுவதே ஒரு தற்காப்பு என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

வயலிலும் அதே போட்டி

மீண்டும் நம் வயலுக்கு வருவோம். துத்தநாகமும் காட்மியமும் போட்டியிடுவது எலியின் உடலில் மட்டுமன்று. வேரின் வாசலிலும் அதே போட்டிதான். தென் ஆஸ்திரேலியாவில் துத்தநாகக் குறைவுள்ள வயல்களில் துத்தநாக உரம் இட்டபோது, கோதுமை மணியில் காட்மியம் குறைந்தது என்று 1994ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். பிராகில் எலியின் உடலில் கண்டது வயலிலும் நடந்திருக்கிறது!

நம் நாட்டிலும் துத்தநாகக் குறைவு 1960களில் வெளிச்சத்துக்கு வந்தது. பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் நேனே என்பவர், 'கைரா' என்று உழவர் அழைத்த நெற்பயிர் நோய்க்குக் கிருமி காரணமில்லை, துத்தநாகக் குறைவே காரணம் என்று காட்டினார். தமிழ்நாட்டிலும் துத்தநாகம் குறைந்த நிலத்துக்கு எக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் இடுமாறு வேளாண் துறையினர் சொல்வதை உழவர் வீட்டு மாணவர்கள் கேட்டிருப்பீர்கள்.

சுண்ணாம்பு மிகுந்த மண்ணின் தன்மை இங்கே கவனிக்கத்தக்கது. அத்தகைய மண்ணில் துத்தநாகம் இருந்தும் பயிருக்கு எட்டாமல் முடங்கிவிடும். அதே சுண்ணாம்பு காட்மியத்தையும் முடக்கிவைக்கிறது. இது நமக்கு நன்மை. மறுபுறம், பாஸ்பேட் பாறையிலிருந்து செய்யும் உரங்களில் சிறிதளவு காட்மியம் இயற்கையாகவே கலந்திருக்கும். அளவு பாறைக்குப் பாறை மாறும். ஐரோப்பிய நாடுகள் 2022ஆம் ஆண்டு முதல் இதற்கு ஒரு வரம்பு விதித்துள்ளன. மண்ணைச் சோதித்து, வேண்டிய உரத்தை வேண்டிய அளவில் இடுவது பணத்துக்கு மட்டுமன்று, உடலுக்கும் சிக்கனம்.

வெங்காயம் காக்குமா?

இனி நம் முதற்கேள்விக்கு வருவோம். வெங்காயத்தின் காரமும் மணமும் கந்தகச் சேர்மங்களால் ஆனவை. கந்தகம் உலோகத்தைப் பிடிக்கும் என்று முன்னரே கண்டோம். நைஜீரியாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2008ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எலிகளுக்கு ஒரு வாரம் முன்னதாகவே வெங்காயச் சாறும் பூண்டுச் சாறும் கொடுத்துவந்து, பின்னர்க் காட்மியத்தையும் சேர்த்துக் கொடுத்தனர். காட்மியம் மட்டும் உண்ட எலிகளைவிட இவற்றின் விந்தணுக்கள் நல்ல நிலையில் இருந்தன. இதுபோல் வேறு பல உணவுப் பொருள்களையும் வைத்து உலகெங்கும் எலிச் சோதனைகள் நடந்துள்ளன.

'ஆகா, நம் சின்ன வெங்காயமே மருந்து' என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு சிறு கணக்குப் போடுவோம். எலிக்குக் கொடுத்த சாறு, 100 கிராம் உடல் எடைக்கு நாளொன்றுக்கு அரை முதல் ஒரு மில்லிலிட்டர். இதை 60 கிலோ மனிதனுக்கு அப்படியே பெருக்கினால் 300 முதல் 600 மில்லிலிட்டர் ஆகிறது. மருந்தியலார் இவ்வாறு நேராகப் பெருக்கமாட்டார்கள் என்பது உண்மையே. ஆயினும் சாம்பாரில் மிதக்கும் நாலு வெங்காயத்துக்கும் சோதனைக்கூட அளவுக்கும் உள்ள தூரம் இதிலிருந்து விளங்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். காவல் முன்னதாகவே வந்துவிட்டது. நஞ்சு பின்னர் வந்தது. வாழ்க்கையில் பெரும்பாலும் நஞ்சு முதலில் வந்துவிடுகிறது; நாம் மருந்தை அப்புறம் தேடுகிறோம்.

மனிதரிடம் சோதித்தவை என்ன சொல்கின்றன? 1992இல் டெக்சஸ் மாநிலத்தில் மிகுதியாகப் புகைபிடிக்கும் 75 ஆண்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு மாதம் வைட்டமின் சி கொடுத்துப் பார்த்தனர். நாளொன்றுக்கு 200 மில்லிகிராமும் 1,000 மில்லிகிராமும் பெற்றவர்களின் விந்தணுத் தரம் உயர்ந்தது. நூறு கிராம் கொய்யாப்பழத்தில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு என்பது குறிப்பிடத்தக்கது.

ஆனால் இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பெரியதொரு சோதனையின் முடிவு வெளியாயிற்று. குழந்தையின்மைக்குச் சிகிச்சை பெறும் தம்பதியரில் 2,370 ஆண்கள் இதில் பங்குகொண்டனர். ஒரு பாதியினருக்கு ஆறு மாதங்கள் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் மாத்திரையாகத் தரப்பட்டன. மறுபாதியினருக்கு வெற்று மாத்திரை. முடிவு? விந்தின் தரத்திலும் குழந்தைப் பேற்றிலும் வேறுபாடே இல்லை. மாத்திரை உண்டவர்களுக்கு வயிற்றுக் கோளாறுதான் மிகுந்தது.

பிராகும் ஷிராஸும் ஒன்று சொல்ல, இச்சோதனை வேறொன்று சொல்கிறதே என்று குழம்பவேண்டாம். மூன்றும் ஒரே உண்மையைத்தான் கூறுகின்றன. ஷிராஸ் இளைஞரிடம் துத்தநாகம் குறைந்திருந்தது; குறையை நிரப்பியதும் பலன் கிடைத்தது. அமெரிக்கச் சோதனையிலோ துத்தநாகக் குறைவு உள்ளவர் யார் என்று பிரித்துப் பார்க்காமல் எல்லோருக்கும் கொடுத்தனர். நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றினால் வழியத்தான் செய்யும். உணவு நம் வாசலில் நிற்கும் காவல். காவலர் இல்லாத வீட்டில் காவலரை அமர்த்தினால் பயன் உண்டு. உள்ளே புகுந்து பல ஆண்டுகள் குடியிருக்கும் நஞ்சை ஒரு பிடி வெங்காயம் துரத்திவிடாது.

நாம் செய்யத்தக்கவை

வயதுவந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 17 மில்லிகிராம் துத்தநாகம் வேண்டுமென்று நம் நாட்டு ஊட்டச்சத்து வல்லுநர்கள் 2020ஆம் ஆண்டில் வகுத்தனர். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் முந்திரிப் பருப்பில் ஏறத்தாழ 1.7 மில்லிகிராம் கிடைக்கும். பத்தில் ஒரு பங்குதான். ஆகவே ஒரே பொருளை நம்பாமல், கம்பு, கேழ்வரகு, எள், பயறு, நிலக்கடலை, முட்டை, மீன், இறைச்சி என்று கிடைப்பதையெல்லாம் கலந்து உண்பதே வழி. சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகும் மோரும், இரும்புக்குக் கீரையும் பயறும், அந்த இரும்பு உடலில் ஒட்ட எலுமிச்சையோ கொய்யாவோ துணைபுரியும்.

ஆனால் முதற்காவல் நஞ்சு வரும் வழியை அடைப்பதே. ஈயம் கலந்த பெட்ரோலை நம் நாடு 2000ஆம் ஆண்டில் நிறுத்தியது. 2021இல் உலகமே கைவிட்டது. வண்ணப்பூச்சில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்று 2016இல் நம் அரசு விதி செய்தது. இத்தகைய விதிகள் லட்சக்கணக்கானவர்களை ஒருசேரக் காக்கின்றன. எந்தச் சாறும் இவற்றுக்கு ஈடாகாது. வீட்டளவில் நாம் செய்யக்கூடியவையும் உண்டு. பேட்டரி, பற்றாசு, வண்ணப்பூச்சு வேலை செய்பவர் கைகழுவிய பின்னரே உண்ணவேண்டும், வேலை உடையை வீட்டுத் துணிகளோடு சேர்க்கலாகாது, புகையிலையை விட்டொழிக்கவேண்டும்.

'ஆண்மை மருந்து' என்ற பெயரில் விற்கும் பொடிகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். தெற்காசியாவில் தயாராகி அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற மூலிகை மருந்துகள் 70ஐ ஆராய்ந்தபோது, 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்ததாக 2004ஆம் ஆண்டில் ஒரு குழு வெளியிட்டது. எல்லா நாட்டு மருந்தும் இப்படி என்பதன்று. ஆனால் பெயரும் முகவரியும் சோதனைச் சான்றும் இல்லாத பொடியை, நஞ்சை நீக்கும் என்று நம்பி உண்டு, அதிலிருந்தே நஞ்சைப் பெற்றுவிடக்கூடாது அல்லவா?

குழந்தை வேண்டி மருத்துவமனை செல்லும் தம்பதியர் இருவரும் சேர்ந்தே செல்லவேண்டும். விந்துப் பரிசோதனை எளியது, வலியில்லாதது, செலவும் குறைவு. மனைவிக்குச் செய்யும் சோதனைகளோ பலவும் துன்பம் தருபவை. அப்படியிருக்கக் கணவனின் சோதனையைக் கடைசிக்குத் தள்ளுவது எந்த வகை நியாயம்? செய்யும் தொழிலையும் புகைக்கும் பழக்கத்தையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லவேண்டும். விந்தணு ஒன்று உருவாக ஏறத்தாழ 74 நாள்கள் ஆகின்றன. முதிர்ந்து வெளிவரும் காலத்தையும் சேர்த்தால் மூன்று மாதம். ஆதலால் இன்று புகையை விட்டவர், இன்று ஈயத் தூசியிலிருந்து விலகியவர், அதன் பலனை மூன்று மாதம் கழித்தே காணத் தொடங்குவார். அதுவரை பொறுமை வேண்டும்.

அடுத்த முறை பெரம்பலூர்ச் சாலையில் வெங்காயப் பட்டறையைப் பார்க்கும்போது, பிராகின் எலிகளையும் லக்னோவின் மாளிகையையும் ஷிராஸின் இளைஞரையும் நினைத்துக்கொள்ளுங்கள். வெங்காயத்தை வாங்கிச் சுவையாகச் சமைத்து உண்ணுங்கள். அதோடு, குழந்தையில்லாத பெண்ணைப் பற்றி யாரேனும் உங்கள் முன் குறை பேசினால், 'கணவருக்குப் பரிசோதனை ஆயிற்றா?' என்று ஒரு கேள்வி கேளுங்கள்.